பொருந்திய ஹோல்டர்

பட்டறைக்குள் வந்ததும் ராஜபாண்டி ஷட்டரைத் தரைவரை இழுத்து இறக்கினான். டியூப்லைட்டையும் அணைத்தான். தகரக் கூரை இடுக்கில் கசிந்த பகல் வெளிச்சம்தான் மிச்சம். மாரிசெல்வி ஷட்டர் பக்கம் ஒரு எட்டு நகர்ந்தாள்.

"அந்த ஹோல்டர் எங்க மதினி?"

"எந்த ஹோல்டர்?"

"நடிக்காதீய. அண்ணன் செத்த அன்னைக்கு கேமராவுல இருந்தது. அதுக்குள்ள ஒரு படம் இருக்கு. அது எனக்கு வேணும்."

தாராவியில் அந்தப் பட்டறைக்குள் அவள் புருஷன் சுடலைக்கண்ணன் மண்டை உடைந்து கிடந்து பதினோரு நாள் ஆகிறது. பழங்காலத்து மரக் கேமராக்களைச் சீர்செய்வதில் மனுஷன் கெட்டிக்காரன். கடைசிக் கேமராவுக்கு, படம் பதிகிற கண்ணாடி பிளேட்டை வைக்கிற ஹோல்டர் மட்டும் அமையவே இல்லை. ஊரெல்லாம் அலைந்து நாற்பது வாங்கிக் குவித்திருந்தான். ஒன்று ஒரு நூல் பெரிசு, ஒன்று அரை நூல் சிறிசு.

"ஒண்ணு பொருந்திருச்சுல, ஒரு ஆள நிக்க வச்சு படமும் எடுத்துட்டேன்னு எனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டான். அரை மணி நேரத்துல பொணம். நீங்க என்னடான்னா நாளைக்கு எல்லாத்தையும் பழைய சாமான் வாங்குற பங்கார்காரனுக்கு எடைக்குப் போடப் போறீயளாம்!"

கேமராவுக்குள் பிளேட் இருந்ததே மாரிசெல்விக்கு அப்போதுதான் தெரியும். போலீஸ் போனதும், கேமராவில் இருந்த ஹோல்டரையும் உருவி, எல்லாவற்றையும் அலமாரியில் அள்ளித் திணித்தவள் அவள்தான். அந்தப் படம் இவன் கையில் சிக்கினால் எல்லாம் முடிந்தது.

அலமாரிக்குப் பாய்ந்தாள். அவன் அவள் தோளைப் பிடித்துச் சுவரில் மோதினான். உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. அந்தச் சுவரில் அவள் தலை மோதுவது அது முதல் தடவை இல்லை; முன்பெல்லாம் மோதியது புருஷன் கை.

ராஜபாண்டி ஒவ்வொரு ஹோல்டராகக் கேமராவின் முதுகில் செருகிப் பார்த்தான். சேராததைத் தரையில் அடித்து நொறுக்கினான். பன்னிரண்டாவது, டக்கென்று உட்கார்ந்தது. அத்தனையையும் உடைத்தவன் அதை மட்டும் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல எடுத்தான்.

மாரிசெல்வி கையில் அகப்பட்ட உளியை அவன் தொடையில் இறக்கினாள். அவன் அலறிச் சரிந்தான். ஹோல்டரைப் பிடுங்கிக்கொண்டு, ஷட்டரைத் தூக்கி, சந்துக்கு ஓடினாள். வெளியே உச்சி வெயில் கொளுத்தியது.

ரத்தம் சொட்ட நொண்டிக்கொண்டே பின்னால் வந்தவன், அவள் விரல்கள் ஹோல்டரின் மூடியில் இருப்பதைப் பார்த்து வீரிட்டான்.

"இழுக்காதீய மதினி! வெயில் பட்டா படம் போயிரும்!"

அவள் ஒரே இழுப்பில் மூடியை உருவி எறிந்தாள். கண்ணாடி முழுக்க வெயில் விழுந்தது.

ராஜபாண்டி சாக்கடை ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"பாவி மதினி! போலீசுல குடுக்கத்தானே தேடுனேன்! எங்க அண்ணன அடிச்சுக் கொன்ன ஆளு அதுலதான இருந்துச்சு!"

மாரிசெல்வி முந்தானையால் உதட்டு ரத்தத்தைத் துடைத்தாள். பிறகு அவன் காதருகே குனிந்தாள்.

"அதனாலதாம்ல தொறந்தேன்."