ஒற்றைப்படை

"நாலு யாருக்குன்னு எனக்குத் தெரியும். இந்த மூணு யாருக்கு?"

"பூக்காரி கை தவறி..."

"கை தவறினா ஒரு பூ கூடும், குறையும். தனியா ஒரு கட்டு எப்படி வரும்? அதுவும் சிவப்பு ரிப்பன் கட்டி!"

"மெதுவாப் பேசு சாகோர்கா, பக்கத்து வீட்டுக்குக் கேட்..."

"கேட்கட்டும்! செத்தவங்களுக்கு ரெட்டைப்படை, உசிரோட இருக்கிறவங்களுக்கு ஒத்தைப்படை. இந்த ஊர்ல பால் குடிக்கிற குழந்தைக்குக்கூட இது தெரியும். எங்கிட்டயே கதை விடுறியா?"

சனிக்கிழமை தவறாமல் மகனுடைய கல்லறைக்குப் போகிற மிலிசாவ், இன்று மெழுகுவத்தியை மறந்து வைத்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்ததுதான் வினையாகிவிட்டது. சமையலறை மேஜையில் இரண்டு கட்டு கார்னேஷன் பூக்கள் கிடந்தன. வெள்ளை நான்கு, மகன் ஓக்னியெனுக்கு. சிவப்பு மூன்று?

"கல்லறைக்குப் போற மனுஷன் எதுக்கு இப்படி மழமழன்னு சவரம் பண்ணிக்கணும்? எதுக்கு சென்ட்டு? உன் பிள்ளையா மோந்து பார்க்கப் போறான்?"

"சாகோர்கா, போதும்."

"பக்கத்து வீட்டு தெசாங்கா போன வாரமே சொன்னா. 'உன் வீட்டுக்காரர் கல்லறையில உட்கார்ந்து யார்கிட்டயோ சிரிச்சுப் பேசிட்டிருந்தார். யாருன்னு நான் எட்டிப் பார்க்கலம்மா, எனக்கெதுக்கு வம்பு'ன்னா. அவளே எட்டிப் பார்க்கலைன்னா விஷயம் எவ்வளவு மோசமா இருக்கணும்!"

மிலிசாவ் இரண்டு கட்டுகளையும் எடுத்துக்கொண்டார். மெழுகுவத்தியைச் சட்டைப்பைக்குள் செருகினார். கதவு சாத்திக்கொண்டது.

சாகோர்கா நின்ற இடத்திலேயே நின்றாள். அடுப்பில் காபி பொங்கி வழிந்தது. அணைக்கக் கை போகவில்லை. சிரிச்சுப் பேசினானாம்! இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு இரண்டு வருடமாகிறது. ஓக்னியெனின் லாரி மலைப்பாதையில் உருண்ட நாளோடு சரி. அதன் பிறகு அவளும் அவரும் பேசிக்கொள்வதெல்லாம் ரொட்டி இருக்கா, விறகு இருக்கா என்கிற அளவுதான்.

நாற்பதாம் நாள் சடங்குக்குப் பிறகு அவள் கல்லறைப் பக்கமே போனதில்லை. பிள்ளையின் பெயரைக் கல்லில் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கல் வைக்கும்போது, யார் யார் பெயரை வெட்டச் சொல்லட்டும், எந்தப் படத்தைக் கொடுக்கட்டும் என்று மிலிசாவ் கேட்டார். "எல்லாம் அலமாரியில கிடக்கு, உன் இஷ்டம்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நான் படுத்துக்கிடந்தேன். இவன் இடம் பார்த்துக்கிட்டான். யாரோ ஒரு விதவையாத்தான் இருக்கணும். அங்கே வாராவாரம் வந்து அழுகிறவளுக்கா பஞ்சம்?

தலையில் கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். மேட்டுப்பாதையில் மூச்சு வாங்கியது. ஆனால் கோபம் பின்னாலிருந்து தள்ளியது. கல்லறை வாசலைத் தாண்டியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

தூரத்தில் மிலிசாவின் முதுகு தெரிந்தது. குட்டை ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் இருப்பவளை அந்த அகல முதுகு மறைத்தது. சாகோர்கா ஒரு தேவதாரு மரத்தின் பின்னால் ஒண்டிக்கொண்டாள்.

"இன்னிக்கு மாட்டிக்கிட்டேன்டி" என்றார் மிலிசாவ்.

'டி'யா! சாகோர்காவுக்குக் காது சுட்டது. தன்னை அவர் அப்படிக் கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று!

"பூவை எண்ணிட்டா. போலீஸ்காரன் தோத்தான் போ." அவர் சிரித்தார். நிஜமாகவே, தோள் குலுங்கச் சிரித்தார். "சவரம் பண்ணினதுக்கும் திட்டு. உனக்குத்தான் தாடி குத்தினா பிடிக்காதே."

ராக்கியா சாராயப் பாட்டிலைத் திறந்து மண்ணில் கொஞ்சம் ஊற்றினார். தானும் ஒரு மடக்குக் குடித்தார். குரல் தழைந்தது.

"வீட்டுல இருக்கிறவகிட்ட இதையெல்லாம் எப்படிச் சொல்லுவேன்? அவ என் முகத்தையே பார்க்கிறதில்ல. உன் மூஞ்சியைப் பார்த்துட்டுப் போனாத்தான் எனக்கு ஒரு வாரம் ஓடுது. நீ இல்லைன்னா நானும் அவன் பின்னாலயே போயிருப்பேன்டி."

அதற்கு மேல் சாகோர்காவால் தாங்க முடியவில்லை.

"எங்க அவ? எழுந்து வரச் சொல்லு! என் பிள்ளை தலைமாட்டுலயே உட்கார்ந்து கொஞ்சுற அந்த மகராசியை நானும் பார்க்கிறேன்!"

மிலிசாவ் திடுக்கிட்டு எழுந்தார். ஸ்டூல் சாய்ந்தது. ஓரமாக விலகி நின்றார்.

அங்கே யாருமில்லை. கறுப்புக் கல் ஒன்று நின்றது. இடப்பக்கம் ஓக்னியெனின் படம், பிறந்த வருடம், இறந்த வருடம். கீழே வெள்ளைப் பூக்கள் நான்கு.

வலப்பக்கம், ஊர் வழக்கப்படி, இனிமேல் வந்து சேர வேண்டியவர்களின் பெயர்கள். 'மிலிசாவ்.' 'சாகோர்கா.' பிறந்த வருடம், ஒரு கோடு, அதற்குப் பிறகு வெறும் கல். அவள் பெயருக்கு மேல், கடற்கரைக் காற்றில் தலைமுடி பறக்க, பல் தெரியச் சிரிக்கும் ஒருத்தி. ஓக்னியென் எடுத்த அவளுடைய படம். அவளுக்குக் கீழே சிவப்புப் பூக்கள் மூன்று.

மிலிசாவ் குனிந்து அந்த மூன்றையும் எடுத்தார். ரிப்பனில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"வீட்டுல நீட்டியிருந்தா வாங்கியிருப்பியா, சாகோர்கா?"