இரண்டாம் வகுப்பில் ஓர் இருமல்

ராக்னா மறுபடியும் இருமினாள். கப்பலின் சாப்பாட்டு அறையில் எல்லாத் தலைகளும் ஒருமுறை திரும்பி, மறுபடி காப்பிக் கோப்பைக்குக் குனிந்தன.

அவள் கணவன் ஹால்வர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எதிரே உட்கார்ந்திருந்த துர்செட் அம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஆம்பளை அழலாமா தம்பி? நியூயார்க் வந்தாச்சு. சிரிச்ச முகமா இரு."

"அழலைம்மா. கடல் காத்து."

"பதினோரு நாளா அதே காத்துதான் எனக்கும் அடிக்குது!"

கப்பல் நங்கூரம் பாய்ச்சி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அமெரிக்க மருத்துவர் படகில் வந்து ஏறிவிட்டார் என்று பரிமாறுகிறவன் சொல்லிவிட்டுப் போனான்.

துர்செட் அம்மாளுக்கு இது மூன்றாவது பயணம். எல்லாம் தெரியும். "மூணாம் வகுப்புக்காரங்களைச் சோதனைத் தீவுக்குக் கொண்டுபோவாங்க. சட்டையைக் கழட்டச் சொல்லி, கண் நோய் இருந்தா ஊருக்கே அனுப்பிடணும்னு இமையைத் திருப்பி, சந்தையில மாட்டைப் பாக்கற மாதிரி பாப்பாங்க. நமக்கு அதெல்லாம் கிடையாது. டாக்டர் இங்கயே வருவார். அவர் முன்னால நடந்து போனா முடிஞ்சுது. பின்ன எதுக்கு இரண்டாம் வகுப்பு?"

பிறகு ராக்னா பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள். "ஆனா நீ மட்டும் அவர் முன்னால இருமிடாதே பொண்ணே. நெஞ்சு நோய்னு எழுதிட்டாங்கன்னா இதே கப்பல்ல திரும்ப வேண்டியதுதான்."

ஹால்வர் அச்சுக் கோப்பவன். புரூக்ளினில் ஒரு நார்வேஜியப் பத்திரிகையில் அவனுக்கு வேலை காத்திருந்தது. மூன்றாம் வகுப்பே போதும் என்றுதான் அவன் சொன்னான். ராக்னா கேட்கவில்லை. தன் தையல் இயந்திரத்தை விற்று, இரண்டாம் வகுப்புச் சீட்டோடு வந்து நின்றாள்.

அப்போது அவளுக்கு இருமல் கிடையாது. நார்வேயின் கிறிஸ்டியானியாவில் கப்பல் ஏறிய நான்காம் நாள்தான் தொடங்கியது.

அவன் அக்காவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் ஓர் இருமல். அடுத்த கோடையில் சவப்பெட்டி. ராக்னா இரவில் இருமவில்லை. படுத்ததும் அசந்து தூங்கினாள். மேல் படுக்கையில் அவன்தான் அவள் மூச்சைக் கேட்டபடி விழித்துக் கிடந்தான்.

"தேன் குடிச்சியா?" என்று கேட்டான்.

"குடிச்சேன்."

"டாக்டர் பக்கத்துல போறப்ப மூச்சை அடக்கிக்கோ. பத்து அடிதான்."

"சரி."

"உன்னைத் திருப்பி அனுப்பினா நானும் வந்துடுவேன்."

"உளறாதே. டை கோணலா இருக்கு பாரு."

மேஜைகளை ஒதுக்கி எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்தார்கள். மருத்துவர் நரைத்த மீசைக்காரர். சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்ற கப்பல் அதிகாரி அவர் சொல்வதை மொழிபெயர்த்தார். துர்செட் அம்மாள் தொப்பி இறகு ஆட, சிரித்துக்கொண்டே கடந்து போனாள்.

ஹால்வரின் முறை வந்தது. ராக்னா அவன் முதுகை ஒட்டி நின்றாள். அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்கவில்லை. நல்லது, இப்படியே அடக்கிக்கொள் என்று மனத்துக்குள் கெஞ்சினான்.

மருத்துவர் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார். "கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க."

அந்த நேரம் பார்த்துத்தான் அவளுக்கு வந்தது. குடலே வெளியே வந்துவிடும் போல, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் இரண்டடி விலகிப் போனார்கள்.

மருத்துவர் எழுந்துவிட்டார். "எத்தனை நாளா இது?"

"வெறும் சளி சார்," என்று ஹால்வர் முந்திக்கொண்டான். "நாலஞ்சு நாளாத்தான்…"

"ஒரு மாசமா," என்றாள் ராக்னா. "நெஞ்சும் வலிக்குது."

ஹால்வர் திரும்பி அவளைப் பார்த்தான். ஒரு மாதமா? அவனிடம் இத்தனை நாள் மறைத்திருக்கிறாள். மறைத்ததுதான் மறைத்தாள், இன்னும் ஒரு நிமிடம் மறைத்திருக்கக் கூடாதா?

மருத்துவர் அவள் அட்டையில் ஏதோ கிறுக்கித் தனியே நிற்கச் சொன்னார். ஹால்வரின் அட்டையில், அவனை ஏறிட்டும் பாராமல், முத்திரையைக் குத்தினார். "அடுத்தது."

மதியம் கப்பல் கரையை அணைந்தது. துர்செட் அம்மாள் அவன் கையை அழுத்திவிட்டு இறங்கிப் போனாள். தீவுக்குப் போகிற சிறு படகில் மூன்றாம் வகுப்பு ஜனங்கள் மூட்டையும் பிள்ளைகளுமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே ராக்னா, அவளுடைய நீலத் தொப்பியோடு.

ஹால்வர் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினான். கப்பல் அதிகாரியின் கையைப் பிடித்தான். "என்ன பண்ணுவாங்க அவளை?"

"ரெண்டு நாள் வச்சு நெஞ்சைச் சோதிப்பாங்க. ஒண்ணும் இல்லைன்னா விட்டுடுவாங்க."

"இருந்துதுன்னா?"

அதிகாரி படகைக் காட்டினார். "வேணும்னா நீங்களும் கூடப் போகலாம். புருஷனைத் தடுக்க மாட்டாங்க."

ஹால்வர் படகின் ஏறுபலகையில் ஒரு காலை வைத்துவிட்டான். ராக்னா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, இரண்டு கைகளாலும் அவன் மார்பைப் பிடித்துத் தள்ளினாள்.

"இறங்கு."

"உன்னைத் தனியா விட்டுட்டு நான் எங்க போவேன்? எதுவா இருந்தாலும் சேர்ந்தே…"

"இறங்குன்னு சொல்றேன்ல!"

அவன் அசையவில்லை. படகுக்காரன் சங்கை ஊதினான். அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதருகே குனிந்தாள். குரலில் கம்மலும் இல்லை, திணறலும் இல்லை.

"எனக்கு ஒரு நோயும் இல்ல, ஹால்வர். நீ வந்தா உன் கண்ணைப் பாப்பாங்க."