வேர்க்கால் அம்மன்

வாசக் கேட்டு தொறக்கறதுக்கு முந்தியே எழில்மதிக்கு வாய் தொறந்துடுச்சி.

"மலக் கோயில் சாமிய தூக்கினு வந்து வூட்ல மாட்டி வெச்சிருக்கீங்களே, தூக்கம் வருதா சார்?"

ஜெயப்பிரகாஷ் துடைக்கிற துணியும் கையுமா நின்னாரு. சங்கராபுரத்துல அரிசி மில்லு வெச்சிருக்காரு. மில்லுல வர்றது பூரா செவுத்துல படம் மாட்டறதுக்கே போவுதுன்னு ஊரே சிரிக்கும்.

செவுத்த பாத்தா சிரிப்பு வராது. ஒம்பது பொம்பளைங்க பின்னிக்கினு யானையா நிக்கிற பழைய கண்ணாடிப் படம். தன் கண்ண தானே தட்டுல ஏந்திக்கினு ஒரு வெள்ளக்காரி. போன வருஷம் யாரோ வரைஞ்ச டவுன் பஸ்ஸு, செதிலு மொளச்சி ஏரியில நீந்துது.

நடுவுல, அவ தேடி வந்த மரப்பலக. பறவ உடம்பு, பொம்பள மொகம், காலுக்கு பதிலா வேரு. எத்தினி நூறு வருஷமோ, கல்வராயன் மலையில இருந்த அம்மன்.

"இதேதான். மலையில நானே வீடியோ எடுத்து போட்டிருக்கேன். இன்னிக்கே இது மல மேல போவணும். இல்லன்னா நான் போலீஸ் ஸ்டேஷன் போவேன்."

"மொதல்ல காப்பி சாப்புடும்மா."

"திருட்டு வூட்ல தண்ணி கூட குடிக்க மாட்டேன். எவ்ளோ குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கல."

"ஓசியா? நான் ஹிஸ்டரி படிக்கிறேன் சார். உங்கள மாதிரி ஆளுங்களுக்கு தனிப் பாடமே இருக்குது."

அவரு சிரிச்சிக்கினே உள்பக்கம் திரும்பினாரு. "இருசப்பண்ணே, கேள்வி உங்களுக்குத்தான்."

கற்பூரத் தட்டோட வந்தாரு இருசப்பன். அந்தக் கோயில் பூசாரி.

"ஓ, பூசாரியும் கூட்டா?"

"நாந்தான் பாப்பா கொண்டாந்து வெச்சேன். கோயிலுக்கு கதவு இல்ல. கதவு போடற வரைக்கும் இவுரு வூட்ல இருக்கட்டும்னு ஊர்ல பேசி முடிச்சோம். வெள்ளிக்கெழம வந்து கற்பூரம் காட்டிட்டு போறேன்."

"இத்தினி வருஷமா கதவில்லாமதான இருந்துச்சி? இப்ப மட்டும் இன்னா வந்துச்சி?"

"கடப்பார வந்துச்சி. போன மாசம் கார்ல வந்து பலகய பேத்தெடுக்க ஆரம்பிச்சிட்டானுங்க. ஊரே கூடி வெரட்டுனோம்."

"அவனுங்களுக்கு அந்த எடம் எப்டி தெரிஞ்சிதாம்? யாராச்சும் காட்டிக் குடுத்திருக்கணும். அவன விட்டுட்டீங்களா?"

இருசப்பன் அவ மொகத்த உத்துப் பாத்தாரு. அவுரு மொகம் மலர்ந்துச்சி.

"நீதானா பாப்பா அது? அவனுங்க போன்ல ஓடிக்கினு இருந்த வீடியோவுல நீ வழி சொல்லிக்கினே வர, உன் பின்னாலயே வந்துட்டானுங்க. கடுக்கா மரத்தாண்ட திரும்புங்கன்னு எவ்ளோ தெளிவா சொல்ற."