ஆறாத எஞ்சின்

அன்று காலை வீட்டுக் கார் ஷெட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: பெரியவர், அவருடைய மருமகள், மெக்கானிக். மகன் இருந்தவரை, மனைவி வேலைக்குக் கிளம்புமுன் அவனே காரைச் சூடேற்றி வைப்பான். அவன் இறந்தபின், காலையில் எஞ்சின் உதறி உதறி நின்றது. இன்னொரு நாள் தாமதமானால் மருமகளின் வேலை போய்விடும்.

மெக்கானிக் எஞ்சினைத் தொட்டுக் கையை உதறினார்.

"ஆறின எஞ்சினைப் பார்த்தாத்தானே கோளாறு தெரியும்? ராத்திரி தொடாதீங்கன்னேன். மூணாவது நாளா முட்டை பொரிக்கலாம் போல கொதிக்குது!"

"சாவி என் சட்டைப்பையில இருக்கு. சொன்ன சொல்லை மீறுற குடும்பமில்லை இது," என்றார் பெரியவர் விறைப்பாக.

"குடுங்க மாமா, நேரமாச்சு."

கார் உதறாமல் கிளம்பியது.

செத்தவன் விடியற்காலையில் கார் ஓட்டித் திரிவதாகத் தெருவில் பேச்சு. பெரியவர் கறாராக மறுத்தார்.

"பொய். என் மகன் ஊர் சுத்துறவன் இல்லை. சூடு பண்ணி வச்சுட்டுப் போயிடுவான்."