கூட்டத்தோடு போ

"வெடிச் சத்தம் கேட்டா பயந்து ஓடிடும்ல?"

மனைவி இதை மூன்றாவது தடவையாகக் கேட்டாள். அவரும் மூன்றாவது தடவையாக, "ஓடும், ஓடும். எல்லாப் பறவையும் ஓடும்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பேச்சுக்குக் காரணமான ஆசாமி சமையலறையில் வெங்காயக் கூடைக்குள் ஏறி உட்கார்ந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. காட்டு வாத்துக் குஞ்சு. குஞ்சு என்பதெல்லாம் இப்போது செல்லத்துக்குத்தான். மூன்றே மாதத்தில் கழுத்து நீண்டு, இறக்கை முளைத்து, போன வாரம் ஹாலிலிருந்து பறந்து ஃபிரிட்ஜ் மேல் போய் இறங்கியது. 'பொடியன்' என்ற பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

அவருக்கு விமான நிலையத்தில் வேலை. ஓடுபாதைப் பக்கம் பறவைகள் இறங்கினால் ஜீப்பில் போய், சத்தம் மட்டும் போடுகிற துப்பாக்கியால் சுட்டு விரட்ட வேண்டும். 'வெடிக்காரர்' என்றால்தான் அங்கே எல்லாருக்கும் தெரியும். புல்லில் கட்டியிருக்கும் கூடுகளைக் கலைப்பதும் அவர் பொறுப்பு. அப்படி எடுத்த முட்டைகளில் ஒன்று அவர் உள்ளங்கையிலேயே ஓடு உடைந்து, ஈரத் தலையை வெளியே நீட்டிவிட்டது. அதைத் தூக்கிப் போட அவருக்கு மனசு வரவில்லை.

"பேசாம வச்சுக்கலாங்க. யாருக்கு என்ன தொந்தரவு?"

"மாடி வீட்டுக்காரர் நேத்துகூடக் கேட்டாரு, உங்க வீட்டுல யாரு விடாம ஹாரன் அடிக்கிறதுன்னு. காட்டுப் பறவையை வீட்டுல வச்சிருக்கறது தப்பு. வெளிய தெரிஞ்சா என் வேலைக்கே உலை வச்சிடும்."

"ஏரியில கொண்டு போய் விட்டா மட்டும்? அங்கேருந்து கூட்டம் கூட்டமா உங்க இடத்துக்குத்தானே வருது. வெடிக்கு நகராத பறவையை என்ன பண்ணுவீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சத்தத்துக்கு நகராத பறவை இன்ஜினுக்குள் போனால் விமானத்துக்கே ஆபத்து. அதனால் அதை நிஜத் தோட்டாவால் சுட்டாக வேண்டும். அந்தத் துப்பாக்கியும் ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பதினொரு வருஷத்தில் அதை இரண்டே முறைதான் எடுத்திருக்கிறார். அந்த இரண்டு நாளும் வீட்டில் அவர் சாப்பிடவில்லை.

"பகல் பூரா உங்க ஆபீஸ் ஸ்டோர் ரூம்ல, பெட்டிக்குள்ளயே வளர்ந்த பிள்ளை. அதுக்கு வெளியுலகம் என்ன தெரியும்?"

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். பகலில் வீட்டில் ஆள் கிடையாது. அதனால் தினமும் காலையில் அவர்தான் பொடியனை அட்டைப் பெட்டியில் வைத்துத் தன்னோடு எடுத்துக்கொண்டு போவார்.

"தன் இனத்தைப் பாத்தா தானா கத்துக்கும்" என்றார். குரலில் தெம்பே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஏரிக்குப் போனார்கள். பொடியன் முதலில் அவள் காலையே சுற்றிச் சுற்றி வந்தது. தண்ணீரில் ஒரு கூட்டம் குரல் கொடுக்க, இதுவும் பதிலுக்குக் கத்தியது.

"போ. கூட்டத்தோடு போ" என்றார் அவர். "அதுங்க எப்ப பறந்தாலும் நீயும் பறந்துடணும். தனியா நிக்கக் கூடாது. புரியுதா?"

அது போயே போய்விட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அழுதாள். அவர் அழவில்லை. ஆனால் வெறும் பெட்டியைக் கடைசிவரை மடியிலிருந்து இறக்கவில்லை.

அன்றிலிருந்து புல்லில் வாத்துகள் இறங்கினால் போதும், பைனாகுலரை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எல்லாம் ஒரே அச்சு. எதைப் பொடியன் என்று சொல்வது?

வீட்டில் அவள் தினமும் கேட்டாள்.

"இன்னைக்கு வந்துச்சா?"

"கூட்டம் வந்துச்சு. வெடிச்சேன். போயிடுச்சு."

"எல்லாமுமா?"

"ஒண்ணு விடாம."

அதைக் கேட்ட பிறகுதான் அவள் செருப்பைக் கழற்றுவாள்.

பதினைந்தாம் நாள் காலை. ஓடுபாதை ஓரத்தில் முப்பது வாத்துகள் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தன. வாக்கிடாக்கியில் கட்டுப்பாட்டுக் கோபுரத்துப் பெண் பேசினாள்.

"வெடிக்காரரே, ஆறு நிமிஷத்துல விமானம் இறங்குது. நூத்தி நாப்பது பேர் இருக்காங்க. சீக்கிரம் விரட்டுங்க."

ஜீப்பை நிறுத்தி, கதவைத் திறந்து இறங்கினார். வானத்தைப் பார்த்துச் சுட்டார். படபடவென்று கூட்டம் எழும்பி, ஒரு வட்டம் அடித்து, ஏரிப் பக்கம் திரும்பியது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஒண்ணு மட்டும் நகரலை போலிருக்கே" என்றாள் கோபுரத்துப் பெண். "இன்னொரு துப்பாக்கியை எடுங்க சார். நேரமில்லை."

நகரவில்லை என்பது தவறு. அது இறக்கையை விரித்துக்கொண்டு நேரே ஜீப்பை நோக்கித்தான் ஓடி வந்தது. வந்த வேகத்தில் திறந்த கதவு வழியாக ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்து, அவரைப் பார்த்து வாயைத் திறந்தது. ஸ்டோர் ரூம் என்று மனைவியிடம் அவர் சொன்னது பொய். அந்த மூன்று மாதமும் பொடியன் வளர்ந்தது இந்த சீட்டில்தான், வெடிச் சத்தத்தில் அது நடுங்கக் கூடாதே என்று ஒவ்வொரு வெடிக்கும் ஒரு பிடி தானியம் ஊட்டி வளர்த்ததும் அவர்தான்.