ஆறு மணிக்கு விழுகிறவர்

முத்துராஜ் வீட்டுக்குப் போய் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று நதியா கிளம்பியபோது சாயங்காலம் மணி ஐந்து.

எத்தனை நாள்தான் பொறுப்பாள்?

மன்னவனூரில் குடியை விட்டதாகச் சொன்னவர்கள் நிறையப் பேர். விட்டது விட்டபடியே இருப்பவன் அவள் புருஷன் பொன்னுச்சாமி ஒருத்தன்தான். வத்தலக்குண்டில் ஓர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்து, ஊசியும் மாத்திரையுமாகக் கிடந்து குடியை விட்டான். இப்போது ஐந்து மாதம் ஆகிறது. வெள்ளனே எழுந்து பூண்டுக் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறான். மகள் ஸ்வேதாவுக்குத் தலை பின்னக்கூடக் கற்றுக்கொண்டான். பின்னல் கொஞ்சம் கோணல்தான், ஆனால் மகளின் காதுகுத்துக்கே டீக்கடை பெஞ்சில் கவிழ்ந்து கிடந்தவன் அவன்.

எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது, அந்த முத்துராஜ் ஒருத்தனைத் தவிர.

முத்துராஜ் பொன்னுச்சாமியின் பழைய கூட்டாளி. முன்பெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்தே குடிப்பார்கள், சேர்ந்தே விழுவார்கள். இப்போது முத்துராஜ் மட்டும் தனியாக விழுகிறான். அதுவும் தினம், சரியாக ஆறு மணிக்கு.

யாராவது ஒருத்தர் வாசலில் நின்று தகவல் சொல்வார்கள். பொன்னுச்சாமி செய்கிற சோலியை அப்படியே போட்டுவிட்டு ஓடுவான். கூட்டாளியைத் தோளில் சாய்த்து, தரதரவென்று பாதி இழுத்து, பாதி தூக்கி, மேலத்தெரு மேட்டில் ஏற்றி அவன் வீட்டில் போட்டுவிட்டு வருவான். வந்ததும் வெந்நீர் கேட்பான், சோறு கேட்பான், படுத்துத் தூங்கிவிடுவான்.

முத்துராஜ் விழுகிற அழகைப் பற்றி ஊரே பேசியது. ஒருநாள் கையில் ஆறு முட்டையோடு விழுந்தான். ஒரு முட்டைகூட உடையவில்லை. குடிகாரனுக்கு மட்டும் எப்படித்தான் இப்படி ஓர் அதிர்ஷ்டமோ என்று டீக்கடையில் எல்லோரும் அதிசயப்பட்டார்கள்.

நதியாவுக்கோ வேறு கவலை. தினமும் அந்த வாடையைத் தோளில் சுமக்கிற மனுஷனுக்கு ஒருநாள் ஆசை திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது? இனிமேல் போகாதீங்க என்று புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். கூட்டாளியை ரோட்டில் விட்டுவிட்டு வரச் சொல்கிறாயா என்று அவன் கேட்டான். அதற்கு மேல் அவனிடம் பேசிப் பயனில்லை. அதனால்தான் இன்று நேராக முத்துராஜ் வீட்டுக்கே கிளம்பிவிட்டாள்.

முன்கதவு சாத்தியிருந்தது. கொல்லைப் பக்கம் பேச்சுக் குரல் கேட்க, சுற்றிக்கொண்டு போனாள்.

முத்துராஜ் குளித்து, தலை சீவி, நெற்றியில் திருநீறு பூசி, ஸ்டூலில் உட்கார்ந்து சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி மணிமேகலை ஒரு துவைத்த சட்டையை விரித்து வைத்துக்கொண்டு, அதில் அங்கங்கே சேற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். தினம் ஒரு வேட்டி துவைத்துத் தன் கை தேய்ந்துபோனதாகவும், விழுகிறவர் புல்லில் விழுந்தால் என்ன குறைந்துவிடும் என்றும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

முத்துராஜ் நிமிர்ந்து பார்த்தான். காப்பி டம்ளர் கை தவறி விழுந்தது.

"தங்கச்சி, இது நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல," என்றான்.

"நீங்க குடிக்கலையாண்ணே?" நதியாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

மணிமேகலைதான் பதில் சொன்னாள். அவரும் விட்டு ஐந்து மாதம் ஆகிறதாம். இரண்டு பேரும் ஒரே மாதத்தில் விட்டவர்களாம்.

"அப்ப தெனமும் விழுறது?"

முத்துராஜ் தலையைச் சொறிந்தான். மெதுவாகச் சொல்லத் தொடங்கினான். பொன்னுச்சாமி ஆஸ்பத்திரியில் இருந்து வந்த நாலாம் நாள் இவன் நிஜமாகவே குடித்துவிட்டு விழுந்து கிடந்தானாம். பொன்னுச்சாமி தூக்கிக்கொண்டு வந்து போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று சொன்னானாம்.

"'மாப்ள, ஆறு மணி ஆனா எனக்குக் கை நடுங்குது. கால் தானா கடையப் பாத்துப் போகுது. இன்னைக்கு ஒன்னையத் தூக்குனதுல அது எதுவுமே தெரியல'ன்னான் தங்கச்சி. அன்னைக்கோட நானும் விட்டுட்டேன்."

"விட்டவரு எதுக்குண்ணே விழணும்?"

"விழுந்தாத்தான அவன் தூக்குவான். குடிச்சிட்டுப் போனா நேரத்துக்கும் விழ முடியாது, நெனச்ச எடத்துலயும் விழ முடியாது. அதுக்குத்தான் விட்டேன்."

"சரக்கு வாடை இல்லன்னு அவருக்குத் தெரியாதா?"

அவன் ஸ்டூலுக்கு அடியில் இருந்த கிண்ணத்தைக் காட்டினான். உரித்த பச்சைப் பூண்டு. பத்துப் பல்லை மென்றுவிட்டுப் போவானாம். பொன்னுச்சாமி வழி நெடுக மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேதான் தூக்குவானாம்.

நதியா அப்படியே துவைக்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்தே செய்தாள்.

முத்துராஜ் மட்டும் கவலையாக இருந்தான்.

"முன்னெல்லாம் என்னையக் கொண்டாந்து சேர்க்க ஒரு மணி நேரம் ஆகும். இப்ப அவனுக்கு ஒடம்பு தேறிருச்சு. அரை மணியில வெரசாக் கொண்டாந்து போட்டுர்றான். மிச்ச அரை மணிக்கு என்ன செய்யறதுன்னுதான் தெரியல தங்கச்சி."

நதியா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஆட்டுப்பண்ணை வளைவுல போயி விழுங்கண்ணே," என்றாள். "அங்கருந்து வீடு வரைக்கும் ஒரே ஏத்தம்."