இடுப்பு உயரத்தில் ஒரு மலைத்தொடர்

புருல் கடைசி முழப் பூச்சை மூன்றாவது முறையாகச் சுரண்டி எடுத்தாள்.

சுவருக்குப் பூசும் ஈரப் பட்டி மாவு தகட்டில் திரண்டு வழிந்தது. முகடு இன்னும் கூராகத்தான் இருந்தது. இப்படியே காய்ந்தால் விரலைக் கிழித்துவிடும்.

மணி நாலே கால். ஐந்துக்குள் கணவன் குபான் வந்துவிடுவான். காலையில் அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போன நண்பன், ஐந்து மணிக்குக் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லியிருந்தான்.

மூன்று நாளாகப் பின்னறையில் ஒளித்து ஒளித்துச் செய்த வேலை. இரண்டு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலத்தில் சட்டம். அதன்மேல் இழுத்துக் கட்டிய கேன்வாஸ். கம்பளி நூலைக் கயிறாகத் திரித்து, வெள்ளைப் பசையால் ஒட்டி, மேலே பட்டி பூசினாள். முதல் நாள் பூசியது வெடித்தது. இரண்டாம் நாள் பூசியது உதிர்ந்தது. இப்போது ஒருவழியாக ஒரு மலைத்தொடர் மேடாக எழுந்து நின்றது.

கணவனின் அக்கா ஜிபார் கதவில் சாய்ந்து, புளிப்புத் தயிர் உருண்டை ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"சுவத்துல பூசுறதைத் துணியில பூசி, அந்தத் துணியைத் திரும்பவும் சுவத்துலயே மாட்டப் போற. இதைப் போன்ல பாத்துப் படிப்பு வேற!" என்றாள். "மலை வேணும்னா ஜன்னலைத் திறடி, இருக்கு."

புருல் தலை உலர்த்தும் கருவியைக் கடைசி முழத்தின்மேல் பிடித்தாள். கை மாற்றினாள். கருவியை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தாள். திரும்பி வந்தாள். மறுபடி ஜன்னலுக்குப் போனாள்.

"கலர் என்ன அடிக்கப் போற?"

"வெள்ளையே போதும் அக்கா. நேரமாச்சு, ஒரு பக்கம் பிடிங்க."

இருவரும் சட்டத்தைப் படுக்கையறைக்குத் தூக்கிப்போனார்கள். மாமியார் கொடுத்த சிவப்புக் கம்பளம் அங்கே சுவரில் இல்லாததை ஜிபார் அப்போதுதான் பார்த்தாள். முகம் கறுத்தது. ஆனாலும் பிடித்தாள்.

"மேல தூக்குடி. கண்ணுக்கு நேரா இருக்க வேணாமா?"

"இவ்வளவுதான்."

"இடுப்புக்கா? யாருக்கு மாட்டுற, பூனைக்கா?"

புருல் ஆணியை இடுப்பு உயரத்திலேயே அடித்தாள். ஒரு முனை கதவு நிலையை ஒட்டி, மறுமுனை கட்டிலின் தலைமாட்டை ஒட்டி.

ஜிபார் வாயிலிருந்த உருண்டையை மெல்லுவதை மறந்தாள். அந்த உயரத்தையும் புருலின் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். தவழ்ந்து எழுந்து நிற்கும் பிள்ளை பிடித்துக்கொண்டு நடக்கிற உயரம்.

"ஏய்... விசேஷமா?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தாள் புருல். சொன்னால், பிறகு யாருக்கு என்று கேட்பாள்.

தலையைக் குனிந்துகொண்டாள்.

அவ்வளவுதான். ஜிபார் அவளைக் கட்டிப்பிடித்து, நெற்றியில் முத்தமிட்டு, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மூன்று முறை சத்தியம் செய்து, யாரிடமோ சொல்வதற்காக ஓடினாள்.

புருல் சுத்தியலைக் கீழே வைத்தாள். எட்டு வருஷமாக இல்லாததை ஒரு தலைக்குனிவில் கொடுத்துவிட்டாள். நாளை தெரு முழுக்க வாழ்த்த வரும். போகட்டும். அதை நாளைக்குப் பார்க்கலாம்.

வெளியே கார் நின்றது. கதவு சாத்தும் சத்தம். வேலியோரமாக மெதுவாக வரும் காலடிகள்.

அவள் சமையலறைக்கு ஓடினாள், திரும்பி வந்தாள், தரையில் சிந்திய பட்டியைக் காலால் ஒதுக்கினாள். கடைசியில் எதுவும் செய்யாமல் படுக்கையறை மூலையில் போய் நின்றாள்.

குபான் காலணியைக் கழற்றிவிட்டுப் படுக்கையறைக்குள் வந்தான். ஜன்னலில் வெளிச்சம் மங்கியிருந்தது. வழக்கம்போல அவன் கை சுவரைத் தேடியது.

பட்டியில் பட்டது. நின்றான்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள், கியர் பெட்டி போய்விட்டது என்று சொல்லித் தன் மினிபஸ்ஸை முற்றத்தில் நிறுத்தினான். ஒரு வாரம் கழித்து அவன் இல்லாத நேரம் பார்த்துப் புருல் சாவியைத் திருகினாள். வண்டி ஒரே திருகலில் கிளம்பியது. கியர் வெண்ணெயாக விழுந்தது. வேலிவரை ஓட்டிப்போய், பழைய இடத்திலேயே கொண்டுவந்து விட்டாள்.

அன்றிலிருந்து கவனிக்க ஆரம்பித்தாள். தேநீர் கோப்பை நிறைந்து வழிந்த பிறகுதான் ஊற்றுவதை நிறுத்தினான். போனில் செய்தி வந்தால், கை ஈரமா இருக்கு, நீயே படி என்றான். கட்டிலின் முனையில் தினமும் ஒரே இடத்தில் முழங்காலை இடித்துக்கொண்டு, கட்டிலைத்தான் திட்டினான்.

அவன் கண்ணைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொல்ல வேண்டியவன் அவன்.

"சும்மா செஞ்சேன்," என்றாள் இப்போது. "எல்லாரும் இப்ப இப்படித்தான் மாட்டுறாங்களாம்."

குபானின் விரல்கள் முதல் மலையில் ஏறின, இறங்கின, அடுத்ததில் ஏறின. கால்கள் விரல்களோடு போயின. கடைசி மலை முடிந்த இடத்தில் கட்டிலின் தலைமாடு இருந்தது. இடிக்காமல் திரும்பி உட்கார்ந்தான்.



பிறகு வலது கையை விரித்து நீட்டினான்.

"விரல்ல ஏதோ ஒட்டிக்கிச்சு," என்றான். "என்னன்னு நீ பாத்துச் சொல்லு."

கையை நீட்டியது அலமாரிப் பக்கம். அங்கே யாரும் இல்லை.

புருல் சத்தம் வராமல் நடந்து, அந்தக் கைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.